மலைநாட்டில் முதல் நொதியக் குப்பி: லேபிளை நம்பாமல் தொடங்குவது எப்படி

"நொதியம் வேலை செய்யவில்லை" என்று வந்து நிற்கும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, குப்பிக்குள் இருக்கிற புரதத்தில் எவ்வளவு இன்னும் உயிர்ப்போடு இருக்கிறது என்று அளந்து பார்த்தீர்களா என்பதைத்தான். பெரும்பாலும் வரும் பதில்: "லேபிளில் 100 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கே." போட்டிருக்கும்தான். அது புரதத்தின் எடை. கட்டுநாயக்கவில் இறங்கி, சுங்கத்தில் காத்துக் கிடந்து, கடுகண்ணாவ ஏற்றம் ஏறி, இங்கே ஃப்ரீசரில் இரண்டு மூன்று தடவை கரண்ட் போய் வந்த பிறகு அதில் எத்தனை மூலக்கூறு வேலை செய்கிறது என்பது லேபிள் அடித்தவருக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் அளக்க வேண்டும். ஒரு நாள் வேலைதான், பெரிய கருவியும் வேண்டாம்.

பேராதனையிலோ ஹந்தானையிலோ தலவாக்கலையிலோ, எங்கேயாவது முதன்முதலாக இப்படி ஒரு குப்பியைத் திறக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுவாகச் சொன்னால் காற்றில் பேசுகிற மாதிரி ஆகிவிடும் என்பதால் மனித காபோனிக் அன்ஹைட்ரேஸ் 2 என்ற ஒரே நொதியத்தை வைத்துக்கொள்கிறேன். பழகுவதற்கு இதைவிட நல்லது கிடைக்காது: கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும், தாக்கம் நடப்பது மஞ்சள் நிறமாகக் கண்ணுக்கே தெரியும், நம்பகமான நிரோதி (நொதியத்தின் வேலையை நிறுத்தும் பொருள்) ஒன்றும் இருக்கிறது.

இது என்ன புரதம்

நம் செங்குருதிக் கலங்களில் நிறைய இருப்பது. காபனீரொட்சைட்டையும் நீரையும் சேர்த்து இருகாபனேற்றாக மாற்றும், திருப்பியும் மாற்றும். ஒரு மூலக்கூறு ஒரு செக்கனுக்குச் சுமார் பத்து லட்சம் தடவை இதைச் செய்யும், அறியப்பட்ட நொதியங்களிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று. 260 அமினோ அமிலங்கள், ஏறக்குறைய 29 கிலோடால்டன், நடுவில் மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்து வைத்திருக்கும் ஒரு நாக (சிங்க்) அயன். அந்த நாகம் போனால் நொதியமும் போச்சு.

குப்பியில் "ரீகாம்பினன்ட்" என்று இருந்தால், மனித மரபணுவை ஈ. கோலை பக்டீரியாவுக்குள் வைத்து, பக்டீரியாவைக் கொண்டே புரதத்தைச் செய்வித்து, பிரித்தெடுத்துச் சுத்திகரித்தது என்று அர்த்தம். "மனித" என்று இருப்பதைப் பார்த்து, யாருடைய இரத்தத்திலிருந்து எடுத்தது என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படி ஒன்றும் இல்லை. இந்தப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டத் தேவையில்லை, அதனால் பக்டீரியாவில் செய்தாலும் குறை வராது. சர்க்கரை ஒட்டிய நொதியம் வேண்டுமென்றால் பாலூட்டிக் கலங்கள் போன்றவற்றில் செய்ததைத்தான் வாங்க வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும். தரவுத்தாளில் "ஹிஸ் டேக்" என்று இருந்தால், நிக்கல் கொலத்தில் (சுத்திகரிப்புக் குழாயில்) பிடித்து எடுப்பதற்காக ஆறு ஹிஸ்டிடின்களை வால் மாதிரிச் சேர்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதியிருப்பதும் சும்மா இல்லை, இது மருந்தாகச் சோதிக்கப்பட்ட பொருள் கிடையாது.

பெட்டி வருவதற்கு முன்னால்

முகவரிடம் ஆர்டர் கொடுக்கும்போதே கலண்டரைப் பாருங்கள். போயா வெள்ளியில் விழுந்து சனி ஞாயிறும் சேர்ந்தால் மூன்று நாள் உங்கள் பெட்டி எங்கேயாவது படுத்துக் கிடக்கும். பெரஹர நாட்களில் கண்டிக்குள் வாகனம் வருவதே பெரும்பாடு. திங்கள் அல்லது செவ்வாய் கொழும்புக்கு வருகிற மாதிரிக் கேட்டு வாங்குங்கள், முகவர்கள் அதற்கெல்லாம் பழக்கப்பட்டவர்கள்தான். உறையவைத்து உலர்த்திய தூளாகவும் கிடைக்கும், கிளிசரோல் கலந்த கரைசலாகவும் கிடைக்கும். இங்கே இருக்கிற நிலைமைக்கு நான் தூளைத்தான் சொல்வேன், பயண நாட்களைத் தாக்குப்பிடிப்பது அதுதான்.

இன்னொன்று. மாட்டுக் குருதியிலிருந்து எடுத்த காபோனிக் அன்ஹைட்ரேஸ் மில்லிகிராம் கணக்கில், மனிதப் புரதத்தைவிட நல்ல மலிவாகக் கிடைக்கும். கீழே சொல்லும் எல்லாப் படிகளையும் முதலில் அதில் செய்து கை பழகிக்கொண்டு, அப்புறம் விலை கூடிய குப்பியைத் தொடுங்கள்.

பெட்டி வந்ததும் உள்ளே டிரை ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, பார்த்ததைத் திகதியோடு குப்பியின் பதிவில் எழுதுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூடின அறையில் அந்தப் புகை நல்லதல்ல.

திறப்பதும் கரைப்பதும்

ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீர்கள். மழைக்காலத்தில் நுவரெலியாப் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும். குளிர்ந்த குப்பியைத் திறந்த அந்தக் கணமே உள்ளே ஈரம் படிந்துவிடும், உலர்ந்த தூளுக்கு அது ஆகாது. மூடியபடியே மேசையில் வைத்து, வெளிக் கண்ணாடியில் வியர்த்தது காய்ந்த பிறகு, சென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் சுற்றி எடுத்துத் திறவுங்கள். தூள் என்று சொல்கிறோமே தவிர, பல குப்பிகளில் அது அடியில் மங்கலான படலமாகத்தான் தெரியும், சிலவற்றில் ஒன்றுமே தெரியாது. மூடியில் ஒட்டியிருந்தது சுற்றாமல் திறந்தால் கையுறையோடு போய்விடும்.

எதில் கரைப்பது என்பதற்குத் தரவுத்தாள்தான் கடைசி வார்த்தை. கரைசலைச் சுவர் வழியாக மெதுவாக விட்டு, ஐந்து பத்து நிமிடம் அப்படியே வைத்து, விரலால் இரண்டு தட்டு. வோர்டெக்ஸ் வேண்டாம், நுரை வந்தால் புரதம் அந்த நுரையின் மேற்பரப்பில் விரிந்து கெட்டுப்போகும். ஆய்வுகூட பிரிஜ்ஜில் யாரோ போன வருடம் செய்து வைத்த தாங்கற் கரைசலை (பி.எச் மாறாமல் தாங்கும் பஃபர்) எடுத்து ஊற்றும் பழக்கம் இருந்தால் இங்கே விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் சோடியம் அசைட் போட்டிருக்கலாம், அசைட் அந்த நாகத்திலேயே போய் உட்கார்ந்து இந்த நொதியத்தை நிரோதிக்கும். உலோக அயன்களைப் பிடித்திழுக்கும் ஈ.டி.டி.ஏ-வையும் தவிர்த்துவிடுங்கள். காபோனிக் அன்ஹைட்ரேஸ் நாகத்தை மிக இறுக்கமாகப் பிடித்திருப்பதால் ஈ.டி.டி.ஏ அதை லேசில் கழற்றாது என்பது உண்மை, ஆனால் நாளைக்கு வேறொரு உலோக நொதியத்தில் வேலை செய்யும்போது இதே பழக்கம் கை கொடுக்கும்.

கரைத்ததும் பங்கிடுங்கள், அன்றைக்கே. ஒரு நாள் சோதனைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு ஒரு சிறு குழாயில், அதிகமாக ஒட்டாத பிளாஸ்டிக் குழாய் கிடைத்தால் நல்லது. மிக ஐதாக்கிச் சேமித்தால் புரதம் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக் காணாமல் போகும், அதனால் செறிவாகவே வையுங்கள். ஒரு தடவை உருக்கிய குழாயைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் வைக்கவே வைக்காதீர்கள், அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சூடாகி மறுபடி குளிரும்.

கரண்ட்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் என்று அமைச்சர் சொன்ன காரணத்தில் நாடு முழுக்க இருண்டது. எங்கள் பக்கம் மழைக்கு மரம் விழுந்தாலே போதும். ஜெனரேட்டர் இருக்கிற கட்டடத்தில் உங்கள் ஃப்ரீசர் எந்தச் சாக்கெட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள், எல்லாச் சாக்கெட்டுக்கும் ஜெனரேட்டர் இணைப்பு இருக்காது.

அப்புறம் ஒரு சின்ன வேலை: ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து, குழாய்கள் இருக்கும் தட்டிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் லீவில் ஊருக்குப் போய் வரும்போது நாணயம் கோப்பையின் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. நாணயம் மேலேயே இருந்தால் உருகவில்லை என்று மட்டும் சொல்லலாம். ஃப்ரீசரின் காலி இடங்களில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி வைத்தால் குளிர் கூட நேரம் நிற்கும்.

எடையும் ஜெல்லும்

280 நானோமீற்றரில் உறிஞ்சலை எடுத்தால் புரதச் செறிவு கிடைக்கும். இந்த நொதியத்துக்கு மூலர் உறிஞ்சல் குணகம் சுமார் 54,000, அதாவது மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் இருந்தால் 1 சென்ரிமீற்றர் பாதையில் 1.9-க்குக் கிட்ட வரும். ஆனால் சில கம்பனிகள் நிலைப்பாட்டுக்காக மாட்டு அல்புமின் சேர்த்து விற்கிறார்கள், அப்படி இருந்தால் நீங்கள் அளப்பது பெரும்பாலும் அல்புமினைத்தான். தரவுத்தாளில் "கரியர் புரதம்" என்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் 29 கிலோடால்டன் பக்கத்தில் ஒரே பட்டை வர வேண்டும், வால் இருந்தால் கொஞ்சம் மேலே. இங்கே மலைநாட்டுக்காரர்களுக்கு மட்டுமான ஒரு சங்கதி. புரத மாதிரியை 95 பாகையில் ஐந்து நிமிடம் சூடாக்கு என்று எல்லா முறைகளிலும் எழுதியிருக்கும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, அங்கே தண்ணீர் கொதிப்பதே 94 பாகைக்குக் கொஞ்சம் கீழே. கொதிநீர்த் தொட்டியை எவ்வளவு முறுக்கினாலும் 95 வராது. உலர் சூடாக்கி இருந்தால் மூடியை இறுக்கி அதில் வையுங்கள், இல்லாவிட்டால் கொதிநீரிலேயே பத்து நிமிடம் விடுங்கள், போதும். கண்டியில் 98 வரை போவதால் இந்தப் பிரச்சினை இல்லை.

வேகத்தை அளப்பது

காபனீரொட்சைட்டுத் தாக்கத்தை நேரடியாக அளக்க, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் சிறப்புக் கருவி வேண்டும். நல்லகாலம், இந்த நொதியம் நைட்ரோபீனைல் அசிட்டேட்டையும் மெதுவாக உடைக்கும், உடைந்தால் நைட்ரோபீனோல் வரும், அது மஞ்சள். 405 நானோமீற்றரில் தட்டு வாசிப்பானிலோ சாதாரண நிறமாலைமானியிலோ பார்க்கலாம்.

தாங்கற் கரைசல் 50 மில்லிமூலர் ஹெப்பஸ், பி.எச் 7.5. பலரும் எடுக்கும் ட்ரிஸ் என்ற தாங்கற் கரைசல் வேண்டாம் என்பேன். ட்ரிஸ்ஸின் பி.எச் வெப்பநிலையோடு ஒரு பாகைக்கு 0.03 அளவில் நகரும். பேராதனையில் 25 பாகையில் சரி செய்து எடுத்துப்போன கரைசல் நுவரெலியாவில் காலை 15 பாகை அறையில் 0.3 கூடியிருக்கும். நைட்ரோபீனோலின் பி.கே.ஏ (பாதி மூலக்கூறுகள் மஞ்சள் வடிவத்தில் இருக்கும் பி.எச்) 7.15 அளவில் இருப்பதால் பி.எச் கொஞ்சம் நகர்ந்தாலே மஞ்சளின் அடர்த்தியும் மாறும், நொதியம் வேகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஹெப்பஸும் நகரும்தான், அதில் பாதியளவு.

"அறை வெப்பநிலை" என்று முறையில் எழுதியிருப்பதை அப்படியே எடுக்காதீர்கள். ஹட்டனில் ஒரு அறை, மாத்தளையில் ஒரு அறை. தாக்கவேகம் பத்துப் பாகைக்கு ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதால், 25-க்கு வைத்த கருவிக்குள் அளந்தால்தான் இரண்டு நாள் எண்களை ஒப்பிடலாம். கருவியில் சூடு வைக்கும் வசதி இல்லாவிட்டால் தாங்கற் கரைசலை 25 பாகைத் தொட்டியில் வைத்து எடுத்து, முதல் இரண்டு நிமிடத்துக்குள் அளந்து முடியுங்கள், வெப்பமானி காட்டியதையும் எழுதி வையுங்கள்.

கீழ்ப்படையை, அதாவது நொதியம் உடைக்கும் நைட்ரோபீனைல் அசிட்டேட்டை, 4.5 மில்லிகிராம் நிறுத்து 1 மில்லிலீற்றர் அசிட்டோநைட்ரைலில் கரைத்தால் 25 மில்லிமூலர். அன்றன்றைக்குத் தயாரியுங்கள். 96 குழித் தட்டில் ஒரு குழிக்கு 196 மைக்ரோலீற்றர் தாங்கற் கரைசலும் நொதியமும், கடைசியில் 4 மைக்ரோலீற்றர் கீழ்ப்படை. நொதியம் 250 நானோமூலர் இருந்தால் போதும், அது ஒரு குழிக்கு ஒன்றரை மைக்ரோகிராம் கூட இல்லை. பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் இருக்க 0.01 சதவீதம் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சவர்க்காரப் பொருள் சேருங்கள். முதல் சில நிமிடம் நேர்கோடாக ஏறும், அந்தச் சாய்வுதான் வேகம்.

நொதியம் இல்லாத குழிகளும் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். நைட்ரோபீனைல் அசிட்டேட் தண்ணீரில் தானாகவே மெல்ல உடையும், அதைக் கழிக்க வேண்டும். அல்புமின் சேர்த்திருந்தால் அதே அளவு அல்புமினை நொதியம் இல்லாத குழியிலும் போடுங்கள், அல்புமினும் இந்தக் கீழ்ப்படையைக் கொஞ்சம் உடைக்கும்.

உண்மையில் எவ்வளவு இருக்கிறது

இதுதான் முக்கியமான படி, பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். அசிட்டசோலமைட் என்ற மருந்து, கண் அழுத்தத்துக்கும் உயரமான மலை ஏறுபவர்களுக்கும் கொடுப்பது, இந்த நொதியத்தை நானோமூலர் அளவிலேயே பிடித்துக்கொள்ளும். (பிதுருதலாகல 2,524 மீற்றர்தான், அதற்கெல்லாம் குளிசை தேவைப்படாது.) இவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதால், போடுகிற ஒவ்வொரு மூலக்கூறும் ஏறக்குறைய ஒரு நொதிய மூலக்கூறை நிறுத்தும். அதை வைத்து உயிர்ப்புள்ள நொதியத்தை எண்ணிவிடலாம்.

பார்மசிக் குளிசையை இடித்துப் போடாதீர்கள், அதில் மாவும் மற்றதும் இருக்கும். தூய தூள் 2.2 மில்லிகிராமை 1 மில்லிலீற்றர் டி.எம்.எஸ்.ஓ-வில் கரைத்தால் 10 மில்லிமூலர். படிப்படியாக ஐதாக்கி, குழிகளில் 0, 50, 100, 150, 200, 250, 350, 500 நானோமூலர் வருகிற மாதிரி வையுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு குழி. டி.எம்.எஸ்.ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும், 0 குழியிலும்தான். 250 நானோமூலர் என்று லேபிளை நம்பிக் கணக்குப் பார்த்த நொதியத்தோடு கால் மணித்தியாலம் சேர்த்து வைத்துவிட்டு, பிறகு கீழ்ப்படையை விட்டு அளந்து பாருங்கள்.

நிரோதியின் செறிவைக் கிடையாகவும் வேகத்தை நிலைக்குத்தாகவும் வரைந்தால், ஆரம்பப் புள்ளிகள் நேர்கோடாக இறங்கும், கடைசியில் வளைந்து தட்டையாகும். அந்த நேர்ப் பகுதியை ரூலர் வைத்துக் கீழே நீட்டுங்கள். கிடை அச்சை 250-இல் தொட்டால் லேபிள் சரி. 175-இல் தொட்டால் உங்கள் குப்பியில் 70 சதவீதம்தான் உயிர்ப்போடு இருக்கிறது, இனிமேல் எல்லாக் கணக்குக்கும் அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். புதிய குழாய் திறக்கும்போது இவ்வளவும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை, நிரோதி இல்லாத குழியின் வேகத்தை மட்டும் முதல் நாள் வேகத்தோடு ஒப்பிட்டால் போதும்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். 250 நானோமூலர் உயிர்ப்புள்ள நொதியம் போட்டுவிட்டு ஒரு நிரோதியின் பாதி நிறுத்தும் செறிவு 20 நானோமூலர் என்று யாராவது எழுதினால் எங்கேயோ பிழை. ஒன்றுக்கு ஒன்று என்று பிடிக்கும் நிரோதியில், நொதியத்தின் பாதியை நிறுத்த அந்தப் பாதியளவு மூலக்கூறாவது வேண்டும்தானே.

தரவுத்தாளில் "வில்பர் அண்டர்சன் அலகு" என்று இருந்தால் அதை உங்கள் மஞ்சள் வேகத்தோடு ஒப்பிடாதீர்கள். அது 1948-இல் வந்த முறை, பனிக்கட்டிக் குளிரில் காபனீரொட்சைட்டு நிறைந்த தண்ணீரை விட்டு பி.எச் 8.3-இலிருந்து 6.3-க்கு இறங்கும் நேரத்தைப் பார்ப்பது. அதைச் செய்ய ஆசைப்பட்டால், நுவரெலியாவில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம் என்பதையும் கணக்கில் எடுங்கள், வாயுவைக் குமிழியாக விட்டு நிறைவாக்கிய தண்ணீரில் காபனீரொட்சைட்டும் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் கரைந்திருக்கும்.

தேயிலைச் சாறு போடப் போகிறவர்களுக்கு

எப்படியும் போடுவீர்கள், தெரியும். மலைநாட்டில் ஒருவருக்கு நொதியமும் தட்டு வாசிப்பானும் கிடைத்தால் இரண்டாம் வாரமே கொழுந்துச் சாறு உள்ளே வந்துவிடும். முதல் நாளே 90 சதவீத நிரோதம் வரும், சந்தோஷமும் வரும். அந்த எண்ணை மேற்பார்வையாளரிடம் கொண்டு போவதற்கு முன் சிலதைப் பாருங்கள்.

சாறு பழுப்பு நிறம், 405-இல் அதுவே உறிஞ்சும். அதோடு கற்றெச்சின்கள் (தேயிலையில் உள்ள பொலிபீனோல் வகை) பி.எச் 7.5-இல் காற்றுப்பட்டு மெல்ல ஒட்சியேறி இன்னும் கறுக்கும், அதனால் நொதியமே இல்லாமலும் உறிஞ்சல் ஏறிக்கொண்டே போகும். சாறும் கீழ்ப்படையும் மட்டும் ஒரு குழி, சாறும் நொதியமும் மட்டும் ஒரு குழி, இரண்டும் ஒவ்வொரு செறிவுக்கும் வேண்டும். ஒரே ஒரு "வெற்றுக்குழி" வைத்து எல்லாவற்றையும் கழித்தால் அந்த வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.

இரண்டாவது, பொலிபீனோல்கள் எந்தப் புரதத்தையும் கண்டால் ஒட்டும். தேநீர் குடித்தால் நாக்குத் துவர்ப்பது உமிழ்நீர்ப் புரதத்தில் அவை ஒட்டுவதால்தான், அதேதான் குழிக்குள்ளும் நடக்கிறது. டிரைட்டனைக் கூட்டிப் பாருங்கள், நொதியத்தை இரட்டித்துப் பாருங்கள். டிரைட்டன் கூடியதும் நிரோதம் கரைந்து போனால், நீங்கள் கண்டது பெரும்பாலும் பொதுவான ஒட்டல். பி.வி.பி.பி தூளோடு சாற்றைக் கலக்கிச் சுற்றி, பொலிபீனோல்களை இழுத்தெடுத்துவிட்டு மிச்சத்தைச் சோதிப்பது இன்னொரு வழி. அதே நேரம் எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் சாதாரண பீனோலே இந்த நொதியத்தின் நாகத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும் என்பது தெரிந்த விஷயம். ஆகவே சாற்றோடு நிற்காமல் தூய கற்றெச்சினை வாங்கி, ஒட்டல் சோதனைகள் எல்லாம் முடித்து, அசிட்டசோலமைட்டை அதே தட்டில் பக்கத்து வரிசையில் வைத்துக் காட்டுங்கள். அன்றைக்கு அசிட்டசோலமைட் வரிசை வழக்கம்போல் வரவில்லையென்றால் கற்றெச்சின் வரிசையையும் எடுக்க வேண்டாம், தட்டையே திரும்பச் செய்யுங்கள்.

முடிந்ததும் தட்டை சிங்கில் கழுவாதீர்கள். நைட்ரோபீனோலும் அசிட்டோநைட்ரைலும் நச்சு, பேராதனை வளாகத்தைச் சுற்றி ஓடுவது மகாவலி. மூடியுள்ள கழிவுப் போத்தலில் சேர்த்து, என்ன என்ன இருக்கிறது என்று மேலே எழுதி, கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். நொதியம் மட்டும் இருக்கிற மிச்சத்தை ஓட்டோகிளேவில் போட்டால் சரி.